ரிவர்ஸ் கியருக்கு ஒரு ஷீல்டு

புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருவன் என் மகன். அவன் என்னை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டு நீங்கள் எல்லாருமே நைனா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள். சந்தோஷம்தான். ஒரே வாரத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு அப்பா ஆனவன் திருத்தணியிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு நான் ஷெட்டுக்கு வந்தபோது கேட்டீர்களே, “ஆயுத பூஜைக்கு நல்லாப் பழக்கிவிடுறவங்களுக்கு ஷீல்டு குடுக்கறாங்களாமே நைனா, அதை வாங்கணும்னா இன்னா பண்ணணும்?” என்று. நான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து இன்னும் சீட்டுகூடச் சூடாகவில்லை, அதற்குள் ஷீல்டா என்று நினைத்துச் சிரிக்கவில்லை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நானும் அதற்காக வாயைப் பிளந்துகொண்டு திரிந்தவன்தான். சிரித்ததற்கு வேறு காரணம் உண்டு. அதை நின்றபடி சொல்ல முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கருத்துப் பிழை இருந்தால் வந்து சண்டை போடுங்கள்.

நம் கம்பெனி வேலை உங்களுக்குத் தெரியும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, திருவாலங்காடு என்று ஊர் ஊராகப் போய்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறோம், திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். புதிதாக வருகிற டிரைவர்களுக்குப் பெரிய வண்டியைப் பழக்கிவிடுவது என் வேலையாக இருந்தது. இனி உங்கள் வேலை. வண்டி ஓட்டுவது எப்படி என்று இதில் எழுதப்போவதில்லை. கிளட்ச் எங்கே இருக்கிறது என்று உங்கள் காலுக்கே தெரியும்.

முதலில் மேனேஜர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நன்றாகப் படித்தவர், நல்ல மனிதர். ஆனால் வந்த புதிதில் எங்களிடம் அவர் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு நாள் கிளீனர் வெங்கடேசைக் கூப்பிட்டு, “டீசல் போட்டாச்சா?” என்று கேட்டார்.

“ஆங்” என்றான் வெங்கடேசு.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் குரலை உயர்த்தினார். “டீசல் போட்டாச்சான்னு கேக்கேன்!”

“ஆங்!” என்று இவனும் குரலை உயர்த்தினான்.

“ஏன்டா, நீ என்ன செவிடா?”

“ஆங் சார்!”

நம் பக்கத்தில் ‘ஆங்’ என்றால் ஆமாம். சரி என்றாலும் ஆங், போகலாம் என்றாலும் ஆங். அவர் ஊரிலோ அது, நீ சொன்னது காதில் விழவில்லை, திரும்பச் சொல் என்று கேட்கிற சத்தமாம். பாவம், கொஞ்ச நாளில் அவருக்கும் ஆங் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போன் பேசும்போது ஆங் ஆங் என்று சொல்ல, அவருடைய மனைவி, “சிக்னல் இல்லியா அங்க?” என்று கேட்டார்களாம். இந்த ஆங்கை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஷீல்டைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதுவரைக்கும் பழக்கிவிடுகிறவனை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. டிரைவர் நன்றாக ஓட்டினால் டிரைவர் கெட்டிக்காரன். எங்கேயாவது இடித்துவிட்டால் மட்டும், “எவன்டா இவனுக்குச் சொல்லிக்குடுத்தது?” என்று எங்கள் பெயர் வெளியே வரும். மேனேஜர் சார், “சொல்லிக்கொடுக்கிறவங்களை மேடையில ஏத்தணும்” என்று முதலாளியிடம் பேசி ஒப்புக்கொள்ளவைத்தார். அந்த நல்ல மனசுக்கு அவரை நான் இன்றைக்கும் கும்பிடுவேன். ஆனால் கூடவே அவர் ஒரு விதியும் வைத்தார். யார் பழக்கிய டிரைவர்களின் வண்டியில் வருஷம் முழுக்கக் கீறல் விழவில்லையோ, அவருக்கு ஷீல்டு. ஷெட் வாசல் கேட்டுப் பக்கத்தில் அவருடைய படம். ஷெட்டின் பின்பக்கம் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பெரிய போர்டு ஒன்றை இரும்புக் கால் வைத்து நட்டார்கள். தினமும் காலையில் அதில் எண் தகட்டை மாற்றிவிட்டுத்தான் வெங்கடேசு டீ குடிக்கப் போவான்.

அப்போது என்னோடு இன்னொரு பயிற்சியாளர் இருந்தார். முனிரத்தினம் பாவா. என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். முதல் வருஷம் ஷீல்டு அவருக்கு. அடுத்த வருஷமும் அவருக்கே.

எப்படி என்று கேளுங்கள். பெரிய வண்டியில் கீறல் விழுவதெல்லாம் பெரும்பாலும் பின்னால் எடுக்கும்போதுதான். பாவா உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பின்னால் எடுத்தால்தானே கீறல்? எடுக்காதே! அவர் பழக்கிய ஆட்கள் ரிவர்ஸ் கியரைத் தொட மாட்டார்கள். ஷெட் வாசலிலேயே பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டிய வண்டியை, அரக்கோணம் ரோட்டில் நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போய், கல்யாண மண்டபத்து மைதானத்துக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருவார்கள். மண்டபத்து வாட்ச்மேன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“இன்னாபா, டெய்லி பொண்ணு பாக்க வந்துகினு கீறீங்க? புடிக்கலன்னா சொல்லிட்டுப் போங்களேன்.”

நான் ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தால் இடிப்பார்கள். என் ஆட்களின் வண்டிகளில் அங்கங்கே கீறல். அதனால் கேட்டுப் பக்கத்தில் பாவா சிரித்துக்கொண்டிருந்தார், நான் அந்தப் படத்தைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போனேன். அது போதாது என்று அக்கா வீட்டுக்குப் போனால் ஷீல்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காரவைத்துத்தான் காபி கொடுப்பார்கள்.

“சூடு சரியாக் கீதா மச்சான்?” என்பார் பாவா.

“ஆங்.”

“பாத்துக் குடி. ஷீல்டு மேல சிந்திடாதே.”

ஒரு நாள் நானும் விடவில்லை. “பாவா, ரிவர்ஸ் தெரியாத டிரைவர் என்னிக்காவது ஒரு நாள் மாட்டுவான்” என்றேன்.

“மாட்டறப்போ பாத்துக்கலாம். ஷீல்டு யாருக்குக் குடுக்கறாங்க? முன்னாடி போறவனுக்கா, பின்னாடி போறவனுக்கா?”

பாவா யாரையும் ஏமாற்றவில்லை, விதி கேட்டதைச் செய்தார். கீறல் இல்லாத வண்டி கேட்டார்கள், கொடுத்தார். பாராட்டு எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறதோ அந்தப் பக்கம் ஆட்கள் போவார்கள். நாளைக்கு உங்களில் யாராவது மேனேஜர் ஆனால், கையைக் காட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஜலட்சுமி என்னிடம் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். திருவாலங்காட்டுப் பக்கத்துப் பெண். கரும்பு ஏற்றிய டிராக்டரை ஆலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவள். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது என்றால் என்ன என்று எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாம் ஒரு பக்கம் திருப்பினால் அது வேறு பக்கம் போகும். அதையே மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டியவள் அவள். நம் கம்பெனிக்கு முதல் பெண் டிரைவராக வந்தாள். பழகுகிற காலம் முடிந்ததும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் டிராக்டர்க்காரர் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார். இந்த வேலை போனால் அந்த வேலையும் இல்லை.

“வூட்ல யாருக்கும் இஷ்டமில்லண்ணே” என்று ஒரு நாள் சொன்னாள். “எங்க மாமியார் இன்னா சொல்லிச்சி தெரியுமா? நீ ஓட்டற பஸ்ஸுல நான் ஏறவே மாட்டேன்னிச்சி. அதை ஏத்திக்கினு ஒரு நாளு மலை மேல போயி சாமி காட்டிக்கினு வரணும்ணே. வழியெல்லாம் அது கண்ணை மூடிக்கினே வரணும்.”

பழகுகிற காலம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் காலை. ஷெட்டில் நாலா பக்கமும் எஞ்சின் இரைச்சல். கஜலட்சுமி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள், வெங்கடேசு பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் டீக் கிளாஸைக் கையில் வாங்கியிருப்பேன், டமார் என்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், போயும் போயும் ‘விபத்தில்லா நாட்கள்’ போர்டு! ஒரு கால் மடங்கி, கும்பிடுகிற மாதிரி குனிந்து நிற்கிறது. அன்று காலை மாட்டிய எண் தகடு கழன்று உருண்டு போய் மல்லாக்கக் கிடக்கிறது. வெங்கடேசு கடைசி நிமிஷத்தில் பக்கவாட்டில் குதித்திருந்தான். குதிக்காமல் இருந்திருந்தால் அந்தக் காலைக்குச் சிரிப்பே இல்லை. இதை மட்டும் விளையாட்டாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான். “நான் கத்திக்கினே கீறேண்ணா, இந்தம்மா பாட்டுக்கு வந்துகினே கீது!”

கஜலட்சுமி கீழே குதித்து இறங்கினாள். “பொய் சொல்லாதண்ணே! ஆங் ஆங்னு நீதானே சொல்லிக்கினு இருந்தே?”

“நானா? ஆங்னா? நிறுத்து நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்தறேன்!”

“சாமி மேல சத்தியமா ஆங்னுதான் சொன்னே!”

மேனேஜர் சார் வந்தார். போர்டைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். “வேற எதை இடிச்சிருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். இதைப் போயி முதலாளிகிட்ட எப்படிச் சொல்லுவேன்?” என்றவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நாளைலேர்ந்து அந்தப் பொண்ணு வர வேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க” என்றார். பாவா பக்கத்தில் வந்து நின்று தொண்டையை மட்டும் செருமினார். அந்தச் செருமலுக்கு, ‘ரிவர்ஸ் சொல்லிக்குடுத்தியே மச்சான்’ என்று அர்த்தம்.

நான் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறவன் ஒரு விநாடியாவது யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். இவர்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஒருத்தன் நிறுத்து என்றது உண்மை, இன்னொருத்தி காதில் ஆங் என்று விழுந்ததும் உண்மை என்றால், நடுவில் எங்கேயோ அந்த வார்த்தை மாறியிருக்க வேண்டும்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. வெங்கடேசு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவான். அவன் தெலுங்குக்காரன் என்பது எங்களுக்கும் மறந்துபோச்சு, அவனுக்கும் மறந்துபோச்சு. ஆனால் முன்பு ஒரு தரம் டயர் உருண்டு அவன் கால் மேல் வந்தபோது அவன் கத்திய கத்தல் அத்தனையும் தெலுங்கு. எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வெங்கடேசே நம்ப மாட்டான். காட்ட வேண்டும்.

“சார், ஒரே ஒரு தரம்” என்று மேனேஜரிடம் கேட்டேன். “நான் வண்டியைப் பின்னால எடுக்கறேன். நீங்க முன்னால என் பக்கத்துல உக்காந்து, வெங்கடேசு இன்னா சொல்றானோ அதை எனக்குச் சொல்லுங்க. காது உங்களுது, காலு என்னுது. அப்பவும் அந்தப் பொண்ணு மேலதான் தப்புன்னு தோணினா, நானே அனுப்பிடறேன்.”

ஒப்புக்கொண்டார். அவரை ஒரு டீ குடிக்கச் சொல்லிவிட்டு நான் ஏற்பாட்டில் இறங்கினேன். சோதனை என்றால் வெங்கடேசு நிஜமாகவே பதற வேண்டும். காலி டிரம்மை வைத்தால் எவன் பதறுவான்? சுற்றிப் பார்த்தேன். மர நிழலில் மேனேஜர் சாரின் புது பைக் நின்றுகொண்டிருந்தது. தினமும் மஞ்சள் துணியால் துடைப்பார்.

“கஜா, அந்த பைக்கை மெதுவாத் தள்ளிக்கினு வந்து வண்டிக்குப் பின்னால, என் கண்ணாடியில தெரியற மாதிரி ஓரமா நிறுத்து.”

“ஐயோ, அது மேனேஜர் சாருதுண்ணே!”

“அதனாலதான்.”

“வேலை போயிடும்ணே!”

“அதான் போயிடுச்சே. இனிமே போறதுக்கு இன்னா கீது?”

அதுவும் சரிதான் என்று தள்ளிக்கொண்டு வந்தாள். வெங்கடேசை மட்டும் வண்டிக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொன்னேன். பைக்கை வைத்து விளையாடலாம், ஆளை வைத்து விளையாடக் கூடாது.

மேனேஜர் சார் ஏறி உட்கார்ந்தார். பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் ரிவர்ஸ் போட்டு மெதுவாக விட்டேன்.

“வா, வா, வா” என்று வெங்கடேசின் குரல் வந்தது.

“வரச் சொல்லுதான்” என்றார் மேனேஜர்.

வண்டி பைக்கை நெருங்கியது. கண்ணாடியில் வெங்கடேசின் கைகள் காற்றில் பறக்க ஆரம்பித்தன.

“இப்ப இன்னா சொல்றான் சார்?”

“ஆங் ஆங்னுதான் சொல்லுதான். போங்க.”

“நல்லாக் கேட்டுச் சொல்லுங்க சார்.”

“நல்லாத்தான் கேக்கேன். இந்த ஊரு ஆங்கை எனக்குத் தெரியாதா? எவ்வளவு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்! போங்க, போங்க, தைரியமாப் போங்க.”

நான் பிரேக்கை மிதித்தேன்.

“ஏன் நிறுத்திட்டீங்க? அவன் ஆங்னுல்லா சொல்லுதான்!”

“இறங்கிப் பாருங்க சார்.”

இறங்கிப் போனார். வண்டியின் பம்பருக்கும் அவர் பைக் விளக்குக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை நுழையும், அவ்வளவுதான் இடம். வெங்கடேசு பைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரி நின்றான். மேனேஜர் சாருக்குப் பேச்சு திருநெல்வேலியிலிருந்தே நேராக வந்தது.

“ஏலே! ஏம்லே ஆங் ஆங்னு சொன்ன?”

“நான் எப்ப சார் ஆங்னேன்? ஆகு ஆகுன்னு எவ்ளோ கத்து கத்தறேன்!” என்றவன், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஆகுன்னா?”

“நில்லுன்னு அர்த்தம் சார்” என்றான் மெதுவாக. “தெலுங்குல.”

எஞ்சின் இரைச்சலில் ‘ஆகு’வின் வால் அடிபட்டுப் போய்விடும். மிச்சம் கேட்பது நம் ‘ஆங்’தான். நில் நில் என்று அவன் கத்தக் கத்த, போ போ என்று இவளுக்குக் கேட்டிருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேருக்குப் பேச்சில் ஒரு மொழி, பயத்தில் ஒரு மொழி. இது அத்தனை வருஷம் பழக்கிவிட்ட எனக்கும் அன்றுவரை தெரியாது.

மேனேஜர் சார் பைக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதை யாரு இங்க கொண்டாந்து வச்சது?” என்று கேட்டார்.

“பயிற்சிக்கு வேண்டிய சாமான் சார்” என்றேன்.

முறைத்தார். ஆனால் நியாயமான மனுஷன். “சரி, ஆடிக் கிருத்திகை வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள இன்னொரு தடவை எங்கியாவது இடிச்சா, நீங்க என் பைக்கை இல்ல, என்னையே கொண்டு போயி வச்சாலும் நான் கேக்க மாட்டேன்” என்றார்.

அன்றைக்குத்தான் விசில் வந்தது. வண்டி பின்னால் போகும்போது பின்னால் நிற்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. வருவதற்குக் கை, நிற்பதற்கு விசில். விசில் கேட்டால் எதற்கு என்று யோசிக்காமல் கால் தானாக நிற்க வேண்டும். பாவா விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னிக்கு விசிலு, நாளைக்கு நாதஸ்வரமா மச்சான்?”

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்கு நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே பார்த்தாலும் காவடி. போலீஸ் பாதி ரோட்டை அடைத்துவிட்டார்கள். பாவா பழக்கிய டிரைவர் ஒருத்தன், பொதட்டூர்பேட்டை ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தவன், வழக்கம்போல் சுற்றிக்கொண்டு போகப் பார்த்து, வழி இல்லாமல் ஒரு தெருவுக்குள் நுழைந்துவிட்டான். எதிரே தெரு அடைத்துக் காவடிக் கூட்டம் வருகிறது. முன்னால் போக முடியாது. பின்னால் எடுக்கத் தெரியாது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பாவா என்னிடம் வந்தார். முகத்தில் ஷீல்டு களை இல்லை. “மச்சான், பையன் மாட்டிக்கினான்.”

எனக்கு ஒரு நல்ல பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். மூன்று பேரும் கூட்டத்தில் நீந்திக்கொண்டு போனோம், நான், பாவா, கஜலட்சுமி.

நான் ஏறி எடுத்திருக்கலாம். கையெல்லாம் பரபரத்தது. குறுகலான தெரு, இரண்டு பக்கமும் ஜனங்கள். அவள் எங்கேயாவது உரசினால் வேலை போய்விடும். ஆனால் மனசுக்குள் நேர்மையாகக் கேட்டுப் பார்த்தேன், இந்தத் தெருவில் ரிவர்ஸ் எடுப்பதில் யார் கை நல்ல கை என்று. டிரெய்லர் ஓட்டிய கை. “ஏறு கஜா” என்றேன். என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி பாவா கழுத்தில் மாட்டினேன். “பின்னால நீ பாரு பாவா. வாயை மட்டும் திறக்காதே.”

வாயைத் திறக்காமல் இருப்பது பாவாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் குடும்பத்தைக் கேட்டால் தெரியும். அன்று இருந்தார். கையை மட்டும் ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். வண்டி வந்தது. பாதித் தெருவில் ஒரு அம்மா தலையில் பால்குடத்தோடு வண்டிக்குப் பின்னால் குறுக்கே இறங்கிவிட்டாள். அரோகரா சத்தத்தில் யார் எந்த மொழியில் கத்தினாலும் கேட்டிருக்காது. பாவா விசிலை ஊதினார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. பால்குடம் கடந்து போனது, ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. மறுபடி கை, மறுபடி வண்டி. மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பாவாவின் ஆளே முதலில் தட்டினான்.

மறுநாளே அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். பாவா விசிலைத் திருப்பித் தரவில்லை. “மச்சான், என் பசங்களையும் அந்தப் பொண்ணுகிட்ட அனுப்பட்டுமா?” என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் சாயங்காலம் அதே மண்டபத்து மைதானத்தில் அவள் அவர்களுக்கெல்லாம் ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். “இன்னாபா, இப்ப இன்னாத்துக்கு எல்லாரும் பின்னாலயே போறீங்க, பொண்ணு வூட்ல தொரத்திட்டாங்களா?” என்றான் வாட்ச்மேன். நிறையக் கீறல் விழுந்தது. அந்த வருஷம் கீறல் இல்லாத பயிற்சியாளர் ஒருத்தர்கூட இல்லை. நான் மேனேஜர் சாரிடம் போய், “கீறலைப் பாக்காதீங்க சார். யாரால எத்தனை பேருக்குப் புதுசா ஒண்ணு செய்ய வந்துச்சின்னு பாருங்க” என்றேன். “ஆங்” என்றார்.

விதியை மாற்றச் சொன்னவன் நான். விசிலைக் கொண்டுவந்தவன் நான். பிறகு ஷீல்டு யாருக்கு வரும்? ஆயுத பூஜைக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரி ஷோகேஸில் இருந்த பொம்மைகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணிவைத்துவிட்டாள்.

பூஜை முடிந்தது. வண்டிகளுக்கெல்லாம் வாழைக்கன்று, சந்தனம். மேளக்காரர்கள் பக்கத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் சார் மைக்கைப் பிடித்து, “இந்த வருஷம் நம்ம கம்பெனிக்கு ரிவர்ஸ் கியரையே திருப்பிக் கொடுத்தவருக்கு ஷீல்டு” என்றார்.

பெயரைச் சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. எழுந்து வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து வெங்கடேசின் குரல், “ஆங்! ஆங்!” என்று கேட்டது. அடடா, இவன்கூட எவ்வளவு சந்தோஷப்படுகிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தேன். மேடைப் படியில் ஒரு காலையும் வைத்துவிட்டேன்.

விசில் அடித்தது.

என் கால் தானாக நின்றது. திரும்பிப் பார்த்தால், கன்னம் உப்ப பாவா. அவருக்குப் பக்கத்தில் வெங்கடேசு தலையில் கையை வைத்துக்கொண்டு, “ஆகுண்ணா, ஆகுண்ணான்னு எவ்ளோ நேரமாக் கத்தறேன்!” என்கிறான்.

மைக்கில் மேனேஜர் சார் மெதுவாகச் சொன்னார். “கஜலட்சுமி.”

ஷெட் மொத்தமும் சிரித்தது. ஷீல்டுக்கு அவள் பெயரை மேனேஜரிடம் சொன்னதே பாவாதானாம், பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. பாவா எழுந்து நின்றார். “மச்சான், அப்பிடியே ரிவர்ஸ்ல வா. நான் பாத்துக்கறேன்.”

வேறு வழி? மேடையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வந்தேன். பாவா கையை ஆட்டி ஆட்டி இடம் சொன்னார். பாதி வழியில், மேடைக்குப் போக வந்த கஜலட்சுமி என் பக்கத்தில் நின்றாள், கண்ணெல்லாம் தண்ணீர். “அண்ணே, நீங்களும் கூட வாங்கண்ணே.”

“நீ போம்மா. என் வண்டி இன்னும் நிக்கல” என்றேன்.

முன் வரிசையில் அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடவில்லை. நாற்காலி என் காலில் இடிப்பதற்குள் பாவா ஒரு தரம் விசில் அடித்தார், நான் உட்கார்ந்தேன்.

ஷீல்டு வாங்க என்ன பண்ணணும் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது பிள்ளைகளே, கடைசிவரை நான் வாங்கவில்லை. கஜலட்சுமி அதே ஷெட்டில்தான் இருக்கிறாள், அவளைக் கேளுங்கள். எங்கள் வீட்டு ஷோகேஸில் காலியாகக் கிடந்த இடத்தில் பாவா அந்த விசிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வாருங்கள். அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டுத்தான் காபி கொடுப்பேன். பார்த்துக் குடியுங்கள், அது மேலே சிந்திவிடாதீர்கள்.